ரேஷன் அரிசி யார் கணக்கில்?

(உடுமலைப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருளாதாரத்தில் ஏதாவது ஒரு தலைப்புச் சொல்லுங்கள் என்று அழைத்தவர்கள் கேட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்தியவள் நான். ஆனால் இன்றைய தலைப்பு எனக்குக் கிடைத்த இடம் ரேஷன் கடை.

காலை ஒன்பது மணி இருக்கும். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. கழுத்தில் மில் அடையாள அட்டை, கையில் ஸ்மார்ட் கார்டு. கருவியில் விரலை வைத்தார், ரேகை விழவில்லை. "முந்தானைல நல்லாத் தொடச்சுப்போட்டு வைங்க்கா" என்றார் கடைக்காரர். மறுபடியும் விழவில்லை. "அறுந்த நூல ஒட்டி ஒட்டி வெரலு வழவழன்னு போயிருச்சுங்க" என்று அந்தப் பெண் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். நாலாவது தடவை கருவி ஏற்றுக்கொண்டது. அவர் பை பிடித்து நகர்வதற்குள் செல்பேசியில் குறுஞ்செய்தி வந்துவிட்டது: அரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, பருப்பு இவ்வளவு.

வெளியே வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தோம். சம்பளச் சீட்டு தருகிறார்களா என்று கேட்டேன். "பேங்குல போட்டுருவாங்க. எதுக்குப் புடிச்சாங்க, எவ்வளவு புடிச்சாங்கன்னு தெரியாதுங்க." இ.எஸ்.ஐ. அட்டை? "புடிக்கிறாங்கன்னு சொல்றாங்க. அட்டை வரலீங்க." எந்த மில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. அந்தப் பெண் வாங்கிய அரிசிக்குக் கிலோ கணக்கில், ரேகையோடு, நேரத்தோடு அரசாங்கத்திடம் பதிவு இருக்கிறது. அந்தக் கடையில் எத்தனை மூட்டை இருப்பு என்பதைக்கூட நாம் இணையத்தில் பார்க்கலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் பெயர், வேலை அட்டை எண், எத்தனை நாள், எத்தனை ரூபாய், எல்லாமே உலகம் பார்க்கத் திறந்து கிடக்கின்றன. ஆனால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தும் ஒரு பெண் இந்த அரிசியை நம்பித்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்றால், அவருக்குக் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு என்பதற்கு ஊரறிய ஒரு பதிவும் இல்லை. உதவி வாங்குகிறவரின் கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறது, சம்பளம் கொடுக்கிறவரின் கணக்கு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசிக்கு எதிராக நான் பேச வரவில்லை. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் உரியது. 1997-இல் மத்திய அரசு ஏழை, ஏழையல்லாதவர் என்று அட்டைகளைப் பிரித்தபோது நம் மாநிலம் பிரிக்க மறுத்தது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த பிறகும் அந்தப் பொதுத்தன்மையை விட்டுக்கொடுக்கவில்லை. 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. ஓய்வூதியம் வாங்கும் நானும் அதே வரிசையில்தான் நின்றேன். பிரிக்காததால்தான் நம் ஊர்க் கடைகளில் வெட்கமில்லாமல் நிற்க முடிகிறது, பிரிக்காததால்தான் கடை ஒழுங்காகவும் நடக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் அரிசிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்க 1957-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு தொழிலாளியின் கூலி மூன்று நுகர்வு அலகுகளைத் தாங்க வேண்டும், அதாவது அவரும் துணையும் குழந்தைகளும். ஓர் அலகுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு இன்ன பிறவற்றுக்கு 20 சதவீதம். பின்னால் ரெப்டகோஸ் பிரெட் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, கல்யாணச் செலவு இவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அதற்கு வெகு முன்பே கிரவுன் அலுமினியம் வழக்கில், அடிப்படைக் குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்றார்கள்.

ஆக, சட்டத்தின் கணக்குப்படி அரிசி கூலிக்குள்ளே இருக்கிறது. குழந்தையின் படிப்பும், ஆஸ்பத்திரிச் செலவும் கூலிக்குள்ளே இருக்கின்றன. நடப்பில் அரிசி ரேஷனிலிருந்து வருகிறது. பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு 2022 முதல் அரசு தொடக்கப் பள்ளியில் கிடைக்கிறது, மதியச் சாப்பாடு அதற்கும் முன்பிருந்தே. பஸ் டிக்கெட் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இல்லை. வைத்தியத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. இத்தனையும் கூலியின் பக்கத்திலிருந்து அரசின் பக்கத்துக்கு நகர்ந்திருக்கின்றன. உணவு மானியத்துக்கு மட்டும் நம் மாநிலம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. இப்படி நகர்ந்ததால் மிச்சமானது யாருக்கு? தொழிலாளிக்கு மிச்சமானால் அவர் கையில் சேமிப்பு நிற்க வேண்டும். வாங்கும் துணிக்கு ஒரு காசு விலை ஏற்றாத வெளிநாட்டுக் கடைக்கு மிச்சமா, மில்லுக்கு மிச்சமா? இதைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையில் எண்கள் வேண்டும்.

ஓர் எண்ணை அரசே நம் கையில் கொடுத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். கணவனும் மனைவியும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தால் ஆண்டு வருமானம் 2,40,000. இரண்டு பேரும் ஒரு நாள்கூட விடாமல் வேலைக்குப் போகும் குடும்பம், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், மாதம் ஆயிரம் ரூபாய் உதவி பெறும் வரம்புக்குள்ளே வருகிறது. வேலை இல்லாதவர்களுக்கான உதவி என்று யாரும் இதைச் சொல்ல முடியாது. வேலை இருப்பவர்களின் குடும்பத்துக்கே இது வேண்டியிருக்கிறது என்று அரசின் வரம்பே ஒத்துக்கொள்கிறது.

என் அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து மில் ஒன்றில் ரீலிங்கில் இருந்தார். நிரந்தரத் தொழிலாளி. பஞ்சப்படி என்ற சொல்லை நான் பள்ளிக்கூடம் போகுமுன்பே கேட்டு வளர்ந்தேன். விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏறும். அம்மா அதை மழைக்குறி பார்ப்பதுபோலப் பார்ப்பார். படி என்றால் தானியம் அளக்கிற படியும்தான், கூலியோடு கொடுக்கிற படியும்தான். களத்தில் நெல்லாக அளந்த கூலியின் நினைவு அந்தச் சொல்லில் எனக்கு எப்போதும் கேட்கும். திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் அல்லவா, அதுவும் இந்தப் பஞ்சப்படிக்காகத்தான். அம்மா வீட்டிலும் ரேஷன் வாங்கினோம். சர்க்கரையும் மண்ணெண்ணெயும்தான் முக்கியமாக. அரிசி பெரும்பாலும் சந்தையில் வாங்கினோம், ஏனென்றால் அம்மாவின் சம்பளத்தில் அதற்கு இடம் இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒரு மில் தொழிலாளியின் கூலியில் அரிசிக்கு இடமிருந்த காலம் இதே ஊரில் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தது. இதன் பெறுமதியை இளைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். 2019 ஜூலை முதல் நிர்வாகம் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். பன்னிரண்டாயிரம் சம்பளம் என்றால் நிர்வாகம் கட்ட வேண்டியது மாதம் 390 ரூபாய். இதைக் கட்டியிருந்தால், பிள்ளை பெறும் பெண்ணுக்கு 26 வாரம் முழுச் சம்பளம் வரும். ஏறத்தாழ 72,000 ரூபாய். கட்டாமல் விட்டிருந்தால், அதே பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு மனுப் போட வேண்டும். அதில் கிடைப்பது, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 18,000. நோயில் படுத்தால் இ.எஸ்.ஐ.யில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்கும், படுத்த நாளுக்குச் சம்பளம் கிடைக்காது. அந்த 390 ரூபாயை ஒரு நிர்வாகம் கட்டாமல் மிச்சம் பிடிக்கும்போது பிரசவ வார்டின் செலவை நீங்களும் நானும் கட்டுகிறோம், 54,000 ரூபாயை அந்தப் பெண் இழக்கிறார். திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், திறந்தது 2024-இல். இவ்வளவு பெரிய தொழில் நகரம் இவ்வளவு காலம் காத்திருந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் மருத்துவமனை வந்துவிட்டால் மட்டும் போதாது. வாசலில் காட்ட அட்டை வேண்டும்.

இப்போது விடுதிகளுக்கு வருவோம். குடிமங்கலம், பல்லடம், தாராபுரம் பாதைகளில் போனால் மதிலுக்குள்ளே விடுதி வைத்த மில்கள் தெரியும். ஊர்க்காரர்கள் கேம்ப் என்பார்கள். ஒரு காலத்தில் திருவண்ணாமலை, விழுப்புரம், தென் மாவட்டப் பெண்கள். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பிள்ளைகளும். 1957 கணக்கில் மூன்று அலகு என்று சொன்னேன். கேம்ப் கணக்கில் ஒரே அலகுதான். சாப்பாடும் படுக்கையும் கழித்துக்கொண்டு அந்த ஒருவருக்குப் போதுமானது கொடுக்கிறார்கள். மீதி இரண்டு அலகு, அதாவது அம்மா, தம்பி, தங்கை, வயதான அப்பா, இருநூறோ இரண்டாயிரமோ கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களை யார் தாங்குகிறார்கள்? அந்த ஊர் ரேஷன் கடை. ஒடிசாவின் மயூர்பஞ்சில் ஒரு தாய்க்குக் கிடைக்கும் அரிசிதான் இங்கே அவள் மகளை இந்தக் கூலிக்கு வேலை பார்க்க வைக்கிறது. நம் மாநில கஜானாவின் பணம் மட்டும் அல்ல, நாட்டின் மிக ஏழை மாநிலங்களின் ரேஷனுக்குப் போகும் பொதுப்பணமும் நம் நூலுக்குச் செலவாகிறது. இந்த ஒரு விஷயத்தைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

மில்கள் நடத்திய சுமங்கலித் திட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டு வேலை, முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம். கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். 1989-இல் அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவி கொடுக்கத் தொடங்கியது. அது உதவி, பொதுப்பணத்திலிருந்து கொடுத்தது. மில்லில் கொடுத்தது அந்தப் பெண்ணின் மாதச் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்த பணம். இரண்டும் ஒரே உருவத்தில் வந்தன: ஒரு தொகை, ஒரு தாலி, ஒரு நன்றி. தன் கூலியையே உதவி என்று வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது உடம்பு முடியாமல் ஊருக்குப் போய், அந்தத் தொகையையும் இழந்த ஒரு மாணவியின் அக்கா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுததும் நினைவிருக்கிறது. 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு நிறுவனமும் இந்தியா கமிட்டியும் பருத்தியில் சிறைப்பட்ட பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது மில்களின் பெயரும், அவற்றிடம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரும் அச்சில் வந்தன. அதுவரை ஊர் பேசிக்கொண்டிருந்தது. பெயர் அச்சில் வந்த பிறகுதான் வாங்குகிறவர்கள் பதில் சொன்னார்கள்.

சொற்களைக் கவனியுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். தொழிலாளிக்கு அரசு அரிசி கொடுத்தால் அதை இலவசம் என்கிறோம். தொழில் நடத்துகிறவருக்குக் கொடுத்தால் ஊக்கத்தொகை என்கிறோம். 2016 ஆகஸ்டில் வந்த பிரதமர் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில், புதிதாகச் சேரும் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்கு நிர்வாகம் கட்ட வேண்டிய 8.33 சதவீதத்தை மத்திய அரசே கட்டியது. ஆடைத் தொழிலுக்கு மட்டும் மீதி 3.67 சதவீதத்தையும் சேர்த்துக் கட்டியது. கொரோனா காலத்தில், 2020 அக்டோபர் முதல், ஆயிரம் பேர் வரை உள்ள நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொழிலாளி பங்கு, நிர்வாகப் பங்கு இரண்டையும் அரசே ஏற்றது. 2025 ஆகஸ்ட் 1 முதல் இன்னொரு திட்டம். கூடுதலாக வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நிர்வாகத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. இவை தவறு என்று நான் சொல்லவில்லை. வேலை பெருகினால் நல்லதுதான். ஆனால் ஒரே தொழிலாளியின் வீட்டுக்கு அரிசியும், அவரை வேலைக்கு வைத்தவருக்கு ஊக்கத்தொகையும் ஒரே பொதுப்பணத்திலிருந்து போகும்போது, நடுவில் அவருக்குக் கொடுத்த சம்பளம் எவ்வளவு என்று கேட்க அந்தப் பணத்தின் சொந்தக்காரர்களுக்கு உரிமை இல்லையா?

இப்படிக் கேட்டவர்கள் வேறு நாட்டில் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு மருத்துவ உதவியை ஐம்பது பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் பயன்படுத்தும் நிறுவனங்களின் பட்டியலை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட ஆரம்பித்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கான காப்பீட்டில் யார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்த்தபோது, வால்மார்ட் ஊழியர்களின் பிள்ளைகள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தார்கள். 2020-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில், பதினொரு மாநிலங்களின் தரவை எடுத்து அலசியது. உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறும் சம்பளக்காரர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் முழுநேர வேலை பார்ப்பவர்கள். பட்டியலின் உச்சியில் வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும். உலகத்தின் பணக்கார நாட்டில், உலகத்தின் மிகப் பெரிய கடையில் வேலை பார்ப்பவர் உணவுக்கூப்பன் வாங்குகிறார். திருப்பூரில் தைத்த பனியனும் அதே கடையின் அலமாரியில் தொங்கக்கூடும். தைத்தவரும் ரேஷனில், விற்றவரும் ரேஷனில்.

அந்தப் பட்டியலுக்குக் குறையும் உண்டு. அதிகம் பேரை வேலைக்கு வைத்திருப்பவரின் பெயர் இயல்பாகவே மேலே வரும். சின்னக் கம்பெனியின் மோசமான கூலி கண்ணில் படாது. அதைவிட ஆபத்து, உதவி வாங்குகிறவரை வேலைக்கு எடுத்தால் நம் பெயர் கெடும் என்று நிர்வாகம் நினைத்துவிட்டால், கைவிடப்பட்ட தாய்க்கும் மாற்றுத்திறனாளிக்கும் முதலில் கதவு மூடும். நம் ஊரில் இன்னொரு சிக்கல்: ரேஷன் எல்லோருக்கும் என்பதால் அட்டையை வைத்து யார் கூலி குறைவு என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே அமெரிக்கப் பட்டியலை அப்படியே எடுத்து வந்து இங்கே ஒட்ட வேண்டாம். தொழிலாளி என்ன உதவி வாங்குகிறார் என்று நிறுவன வாரியாகத் துருவுவதை விட்டுவிடுவோம். நிறுவனம் என்ன கொடுக்கிறது என்பதை வெளியே கொண்டுவருவோம்.

சரித்திரத்தில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1795 மே மாதம் இங்கிலாந்தில் பெர்க்ஷயர் மாவட்ட நீதிபதிகள் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற இடத்தில் ஒரு சத்திரத்தில் கூடினார்கள். ரொட்டி விலை ஏறிக்கிடந்தது, பண்ணைக் கூலி போதவில்லை. கூலிக்கும் ரொட்டி விலைக்கும் உள்ள இடைவெளியை ஊர் வரிப்பணத்திலிருந்து நிரப்புவது என்று தீர்மானித்தார்கள். நிலக்கிழார்கள் கூலியை ஏற்றவில்லை என்ற குற்றச்சாட்டு பின்னால் எழுந்தது. ஆனால் 1834-இல் சட்டம் திருத்தியபோது தண்டனை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஏழைகளுக்கு. உதவியை வெட்டி, வேண்டுமென்றால் ஏழைகள் விடுதிக்குள் வந்து அடைபட்டுக் கிட என்றார்கள். உதவியால் கூலி குறைகிறது என்று பேசத் தொடங்கினால், பேச்சு உதவியை வெட்டுவதில் போய் முடியக்கூடும். இந்த மேடையில் நான் பேசுவதை அப்படி யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

ஏனென்றால் நம் மண்ணின் அனுபவம் அதற்கு நேர்மாறு. ஜூடித் ஹேயர் என்ற பொருளாதார அறிஞர் கோவை, திருப்பூர் கிராமங்களுக்கு 1980-களின் தொடக்கத்திலிருந்து முப்பது ஆண்டு காலம் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர். பண்ணையாள் முறையில் கட்டுண்டு கிடந்த தலித் குடும்பங்கள் நிமிர்ந்ததில் ரேஷனுக்கும் சத்துணவுக்கும் பங்கு உண்டு என்பது அவர் எழுத்துகளிலிருந்து தெரியும். வீட்டில் அரிசி இருப்பவர்தான் இந்தக் கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியும். நூறு நாள் வேலை வந்த பிறகு பெண்கள் தோட்டத்துக் கூலியைப் பேசி வாங்கினார்கள் என்பதை இந்த அவையில் விவசாயம் செய்கிறவர்களே சொல்வீர்கள், கொஞ்சம் கோபத்தோடு. கலையரசனும் விஜயபாஸ்கரும் தமிழ்நாட்டு வளர்ச்சி பற்றி எழுதிய நூலில், தொழிற்சாலை வாசலுக்கு வெளியே இந்த மாநிலம் உழைப்பவர்களுக்குச் செய்ததைப் பற்றி விரிவாகப் பேசுகிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: வாசலுக்கு வெளியே செய்ததில் நாம் முன்னோடி. வாசலுக்கு உள்ளே பார்ப்பதில் பின்தங்கிவிட்டோம். தையல் தொழிலுக்கு 2004-க்குப் பிறகு 2014-இல்தான் குறைந்தபட்சக் கூலியைத் திருத்தினார்கள். அதையும் எதிர்த்து நூற்றுக்கணக்கான வழக்குகள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்யும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அரிசி மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

தொழில் நடத்துகிறவர்களின் நெருக்கடி எனக்குத் தெரியும். என் மாணவிகளில் சிலர் இன்று ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார்கள். பாதிப்பேர் பவர்டேபிளில் உட்கார்ந்து தைத்து மேலே வந்தவர்கள். 2022-இல் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது முடித்த சரக்கு அப்படியே நின்றது. பீஸுக்கு இவ்வளவுதான் என்று மேலே இருப்பவர் சொன்னால் கீழே இருப்பவர் தலையாட்ட வேண்டியிருக்கிறது. அவர்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் கொடுக்கும் கூலி பொதுவெளியில் இருந்தால், இந்த விலைக்கு இந்தக் கூலிதான் கொடுக்க முடிகிறது என்று வாங்குகிறவர் முகத்துக்கு நேரே காட்ட உங்களுக்கும் ஒரு காகிதம் இருக்கும். ஒழுங்காக இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டுகிறவர், கட்டாத பக்கத்து யூனிட்டிடம் ஆர்டரை இழப்பதும் குறையும். மறைத்து வைப்பதால் இன்று லாபம் அடைகிறவர் நியாயமாகத் தொழில் செய்கிறவர் அல்ல.

இப்போதே திறந்திருக்கும் சின்ன ஜன்னல்களைச் சொல்கிறேன், மாணவியர் குறித்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல், பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதிப்படி, ஆண்டுதோறும் ஒரு பொறுப்பறிக்கை கொடுக்க வேண்டும். அதில் எத்தனை தொழிலாளிக்குச் சரியாகக் குறைந்தபட்சக் கூலி, எத்தனை பேருக்கு அதற்கு மேல் என்று பெண், ஆண் பிரித்தும், எத்தனை சதவீதம் பேருக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். என்றும் எழுத வேண்டும். நல்ல படிவம். ஆனால் நம் பக்கத்து மில்களில் பெரும்பாலானவை பிரைவேட் லிமிடெட் அல்லது கூட்டாண்மை நிறுவனங்கள். அந்தப் படிவம் அவற்றைத் தொடாது. 2013-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தங்களுக்குத் தைத்துக் கொடுப்பவர்களின் பெயர், முகவரியைத் தாங்களே வெளியிடுகின்றன. திருப்பூர் முகவரிகள் அதில் ஏராளம். கூலி மட்டும் இருக்காது.

இன்னொரு ஜன்னல் எனக்கு மிகவும் பிடித்தது. பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் உண்டு. மில்லின் பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எத்தனை தொழிலாளருக்கு எவ்வளவு பணம் கட்டினார்கள் என்று வரும். தொழிலாளி 12, நிர்வாகம் 12, மற்றக் கட்டணங்கள் ஏறத்தாழ 1 என்று மொத்தம் 25 சதவீதம். ஆகவே கட்டிய தொகையை நான்கால் பெருக்கி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கணக்கில் காட்டிய சராசரிச் சம்பளம் தெரிந்துவிடும். நூறு பேருக்கு மூன்று லட்சம் கட்டினால் ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு மாணவியரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் மட்டும் காட்டியிருப்பார்கள், ஒரே எண்ணில் பல யூனிட் இருக்கும், காண்ட்ராக்ட் ஆள் வேறு எண்ணில் இருப்பார் என்ற எல்லா எச்சரிக்கையும் சொல்லித்தான் போடச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்கம்மா மில்லுல முந்நூறு பேரு, இதுல நாப்பது பேருதான் இருக்காங்க" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

வேண்டியது பெரிய சட்டம் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு மில்லும் பனியன் கம்பெனியும் ஒரே ஒரு பக்கம் வெளியிடட்டும். எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, விடுதியில் எத்தனை. கையில் கொடுக்கும் மிகக் குறைந்த சம்பளம், நடுச் சம்பளம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடித்தம். எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப்., அந்த ஆண்டில் எத்தனை பெண்கள் 26 வாரச் சம்பளம் வாங்கினார்கள். குழந்தைகள் காப்பகம் நடக்கிறதா. முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அரசிடமிருந்து அந்த ஆண்டு பெற்ற ஊக்கத்தொகையும் மானியமும் எவ்வளவு. தொழிலாளியின் பெயர் ஒன்றுகூட அதில் வர வேண்டாம். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மாநில விதிகளில் இந்த ஒரு பக்கத்துக்கு இடம் கொடுக்கும்படி நம் அரசைக் கேட்கலாம். தகவல் உரிமைக்கு 1997-லேயே முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. அந்த உரிமைக்கான இயக்கம் பிறந்ததே கூலிப் பதிவேட்டிலிருந்துதான்: ராஜஸ்தானில் அரசு வேலையில் குறைந்தபட்சக் கூலி கிடைக்காத கிராமத்து ஆட்கள் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் ஊர் கூடியிருக்க அந்தப் பதிவேடுகளை உரக்க வாசித்தார்கள்.

நமக்கும் வாசிக்க ஒரு நாள் இருக்கிறது. மே 1 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. நூறு நாள் வேலைக் கணக்கை வாசிக்கிறார்கள், பயனாளிகள் பட்டியலை வாசிக்கிறார்கள். யாருக்கு வீடு, யாருக்கு ஆடு, யாருக்கு உதவித்தொகை என்று பெயர் சொல்லி வாசிக்கிறார்கள். தொழிலாளர் தினத்தில் அதே ஊராட்சி எல்லைக்குள் நிற்கும் மில்லைப் பற்றி ஒரு வரி வாசிப்பது கிடையாது. அடுத்த மே முதல் தேதி பெதப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராம சபைக்கு நானும் என் பழைய மாணவியர் நான்கு பேரும் போவதாக இருக்கிறோம். அந்த ஊராட்சியில் உள்ள மில்கள் வைப்பு நிதிக்குக் காட்டிய ஆட்களின் எண்ணிக்கையை வாசித்துவிட்டு, மீதிப் பேரின் கணக்கு எங்கே என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லிக் கேட்போம். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம்.

என் நேரம் முடிந்துவிட்டது. கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பின் வரிசையில் இருக்கும் பெண்களுக்கு நைட் ஷிப்ட் வண்டி ஒன்பதரைக்கு வந்துவிடும் என்றார்கள். முதலில் அவர்கள் கேட்கட்டும்.